ஐம்பத்தெட்டுக் கதவுகளைத் தட்டியவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, நலத்துறை இயக்குநர் அவர்களே, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மாவின் தங்கை அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் என் பழைய அலுவலகத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. முப்பத்தோரு வருடம் நலத்துறையில் கள அலுவலராக இருந்தவன் நான். கதவைத் தட்டுவது, உள்ளே போவது, கேள்வி கேட்பது, எழுதிக்கொண்டு வருவது, இதுதான் என் பிழைப்பு. பெரிய வார்த்தைகள் எனக்கு வராது. இந்த இரங்கல் கூட்டத்தில் என்னை எதற்குப் பேசச் சொன்னார்கள் என்று வாசலில் பேராசிரியர் அம்மாவின் தங்கையிடம் கேட்டேன். மருந்துக்கடை வைத்திருப்பவர் அவர், அளந்துதான் பேசுவார். "அக்காவைப் பத்தி நீங்க என்ன வேணா சொல்லுங்க. ஜெயிச்சான்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

எனவே சொல்ல மாட்டேன். எனக்கு முன் பேசியவர்கள் அவருடைய நூல்களைப் பட்டியலிட்டார்கள். சமூக நலக் கோட்பாட்டில் அவருக்கு இருந்த புலமையைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கோட்பாடுகள் புத்தகத்திலிருந்து இறங்கி வந்து என்ன பாடுபட்டன, அவரை என்ன பாடுபடுத்தின என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், துறைக்கு யோசனை சொல்லப் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வயதானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் வீட்டு உதவியாளரை அனுப்புகிற பிரிவு எங்களுடையது. உதவியாளர் காலையில் போவார். குளிப்பாட்டுவார், படுக்கை விரிப்பை மாற்றுவார், மாத்திரையை எடுத்துக் கொடுப்பார், ஏதாவது சமைத்து வைத்துவிட்டு வருவார். ஒன்றரை மணி நேர வேலை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக ஊரே காத்துக் கிடந்தது. யாருக்குக் கிடைத்தது? யாருக்கு ஆள் தெரியுமோ அவருக்குக் கிடைத்தது. என் மேசையில் தொலைபேசி ஓயாது. இன்னாருடைய மாமனாருக்கு முதலில் கொடு, இன்னாருடைய பெரியம்மாவுக்கு நாளைக்கே ஆள் அனுப்பு. நாங்களும் அனுப்பினோம். வேறென்ன செய்வோம்?

பேராசிரியர் அம்மா எங்களைக் கூட்ட அறையில் உட்காரவைத்துப் பேசினார். இருப்பது கொஞ்சம், எல்லோருக்கும் போதாது, ஆகவே யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு முதலில் போகவேண்டும், ஆளைப் பார்க்காமல் அவர் இருக்கிற நிலையைப் பார்க்கவேண்டும் என்றார். அதற்காக ஒரு ஃபாரம் தயாரித்தார். பத்தொன்பது கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண். நாற்பது வந்தால் உதவியாளர் போவார், வராவிட்டால் போகமாட்டார்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்கு 'பாரம் அம்மா' என்று பெயர். அவருக்குத் தெரியாமல் வைத்தோம். ஒரு மாதத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது. சிரித்தார். "பாரம்னா சுமைன்னும் அர்த்தம் இருக்கு. பார்த்து வெச்சீங்களா, பார்க்காம வெச்சீங்களா?" என்று கேட்டார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த ஃபாரம் நல்ல ஃபாரம். அது வந்த வாரம் என் மேசைத் தொலைபேசி அடங்கியது. யார் என்ன கேட்டாலும், "மார்க் வரலைங்க" என்று சொல்லிவிடலாம். முதல் தடவையாக எந்தச் சிபாரிசும் இல்லாத ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு நாங்கள் உதவியாளரை அனுப்பினோம். நியாயம் என்பது இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். மூன்று வருடம் அப்படி நினைத்தேன்.

அந்த ஃபாரத்தில் பதினான்காவது கேள்வி இது: வீட்டில் வயதுவந்த வேறு எவரேனும் வசிக்கிறாரா? ஆம் என்றால் பதினைந்து மதிப்பெண் குறையும். குடும்பம்தான் முதல் ஆதரவு, அரசு அதற்குப் பிறகு என்பது அந்தக் காலத்தில் எல்லா நூலிலும் இருந்த பாடம். கேட்கவும் சரியாகத்தானே இருக்கிறது?

மூன்றாவது மாடியில் ஓர் அம்மா இருந்தார். இஸ்திரி போட்டுப் பிழைத்தவர், எழுபத்தோரு வயது. இடுப்பெலும்பு உடைந்து சேர்ந்திருந்தது. அவர் வீட்டுக்கு ஏற்கெனவே உதவியாளர் போய்க்கொண்டிருந்தார். மறுமதிப்பீடு செய்ய நான் போனேன். மகன் லாரி ஓட்டுகிறவன்.

"பையன் இருக்கான் தம்பி. மாசத்துல பத்து நாள் வீட்டுல இருப்பான்" என்றார்.

ஃபாரத்தில் பத்து நாளுக்குக் கட்டம் இல்லை. ஆம், இல்லை, இரண்டுதான். இருக்கிறாரா, இல்லையா என்று மறுபடியும் கேட்டேன். "இருக்கான்னுதான் சொல்லணும். பெத்த பிள்ளையை இல்லைன்னு எப்படி என் வாயால சொல்லுவேன்?"

நான் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். முப்பத்தெட்டு வந்தது.

உதவியாளரை நிறுத்திய ஆறாவது வாரம் அந்த அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகன் லாரியோடு எங்கோ போயிருந்தான். இரண்டு நாள் ஈரத் தரையில் கிடந்தார். திறந்த குழாய் திறந்தபடி ஓடி, கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கி, அவர்கள் சண்டை போட மேலே ஏறி வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. உயிர் இருந்தது. அதன்பிறகு நான்கு மாதம் மருத்துவமனையில் இருந்து இறந்துபோனார்.

அவர் விழுந்த செய்தி வந்த அன்றே நான் ஒரு வரிக் குறிப்பு எழுதி ஃபைலில் வைத்தேன். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குறிப்பைப் படித்த ஒரே ஆள் பேராசிரியர் அம்மா. மறுநாளே வந்து, அந்த அம்மாவைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

மருத்துவமனையில் கட்டில் பக்கத்தில் நின்றோம். இஸ்திரிக்கார அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். தம்பி என்ன செய்வார், பாரத்தில் இருப்பதைத்தானே கேட்டார் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அப்போது பேராசிரியர் அம்மா குனிந்து, "அந்தக் கேள்வியை எழுதினது நான்தாம்மா" என்றார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருப்பீங்க. படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

படியிறங்கும்போது பேராசிரியர் அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "திட்டியிருக்கலாம்" என்றார். பேருந்து நிறுத்தத்தில் நான், டிக் போட்டது நான்தானே என்று ஆரம்பித்தேன். என்னை முடிக்க விடவில்லை. "உங்களுக்கு வேற கட்டம் நான் குடுக்கலையே" என்றார். இன்றுவரை அந்தச் சொல்லை வைத்துத்தான் நான் என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். அவரைத் தேற்ற யார் இருந்தார்கள்?

அடுத்த மாதம், தான் எழுதிய ஃபாரத்துக்கு எதிராகத் தானே பதினோரு பக்க அறிக்கை எழுதி, இந்தப் பிரிவை மேற்பார்க்கும் துறைக் கமிட்டியிடம் கொடுத்தார். பெரியோர்களே, சொந்தக் கருத்தைத் தவறென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிஞர்கள் எத்தனை பேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? கமிட்டி மனமார நன்றி சொன்னது. பதினான்காவது கேள்வியை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒன்பது கேள்விகளைச் சேர்த்தது. மகன் எத்தனை நாள் இருப்பார், எத்தனை மணிக்குப் போவார், மருமகள் உண்டா, அவருக்கு உடல்நலம் எப்படி. பத்தொன்பது இருபத்தேழு ஆனது.

பிறகு இன்னொருவர் விழுந்தார். இன்னும் ஆறு கேள்வி சேர்ந்தது. அதற்குப் பிறகு வேறொருவர். ஒவ்வொருவர் விழும்போதும் ஃபாரம் நீண்டது. நீண்ட ஃபாரத்தை நிரப்பத் தெம்பில்லாமல் வேறு யாரோ அதிலிருந்து கழன்று விழுந்தார்கள். கண் தெரியாதவர், கை நடுங்குகிறவர், ஞாபகம் தப்பியவர், மூன்று சான்றிதழுக்கு மூன்று அலுவலகம் ஏற முடியாதவர். யாருக்காக ஃபாரமோ அவரால்தான் அதை நிரப்ப முடியவில்லை. கேள்வி கேட்பதே ஒரு சுமை, ரொம்பவும் இல்லாதவன் தலையில்தான் அந்தச் சுமை முதலில் விழும் என்று அவர் வகுப்பில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது அப்போதுதான். நாங்கள் விளையாட்டாக வைத்த பெயர் அவருக்குப் பாடமாகிப் போனது.

அதிலிருந்து அவர் நேர் எதிர்ப் பக்கம் போனார். கேட்காமல் கொடுங்கள் என்றார். எழுபது வயது தாண்டிய எல்லோருக்கும், ஏழை பணக்காரர் பார்க்காமல், ஒரு கேள்வியும் இல்லாமல் கொடுங்கள் என்றார். கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் சிரித்தார். அவரிடம் இவர், "தீயணைப்பு வண்டி வந்து நின்னுட்டு, வீட்டுல வாளி பிடிக்க வேற ஆள் இருக்கான்னு மார்க் போட்டுக்கிட்டா இருக்கு?" என்று கேட்டார். சிரித்தவர் தண்ணீர் குடித்தார்.

ஏழு வருடம் கேட்டார். ஏழு வருடம் கழித்து, அப்போதிருந்த இயக்குநர் ஒரு தெருவைக் கொடுத்தார். ஒரே ஒரு தெரு. பழைய மில்லுக்குப் பின்னால், ஒரு பக்கம் ஒண்டுக் குடித்தனங்களும் கடைசியில் இரண்டு மூன்று பெரிய வீடுகளுமாக நீண்டு கிடக்கிற தெரு. அதற்குச் சோதனைத் திட்டம் என்று பெயர். ஒரு வருடம் பார்ப்போம் என்றார்கள். அந்தத் தெருவில் எழுபது தாண்டியவர் உள்ள வீடுகள் ஐம்பத்தெட்டு. ஃபாரம் கிடையாது. ஒரு நோட்டில் வீட்டு எண் மட்டும் எழுதினோம்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. அதனால்தான் அதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அங்கே பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய், எட்டு வருடமாக ஒரே கட்டிலில் கிடந்தவர். உதவியாளர் அவருக்கு முகம் மழித்து, நகம் வெட்டி, குளிப்பாட்டி, சட்டை மாட்டி, வாசல் கேட் அருகில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மெயின் ரோட்டில் போகிற பேருந்தின் சத்தத்தைக் கேட்டே, எந்த வண்டிக்குக் கியர் தகராறு, எந்த ஓட்டுநருக்கு அவசரம் என்று சொல்லுவார். தெருவே அவரிடம் நின்று பேசிவிட்டுப் போகும். பேராசிரியர் அம்மா வாரம் ஒருமுறை வருவார். அந்தத் தெருவில்தான் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

தெருக் கோடியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வீடு. மூன்று மாடி, வாசலில் கார். அவருக்கும் எழுபத்தைந்து வயது, அவர் வீட்டுக்கும் உதவியாளர் போனார். ஒரு பத்திரிகைக்காரர் அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார். நீதிபதி வீட்டுக்கு அரசுச் செலவில் வேலைக்காரியா என்று கேட்டார்கள். அலுவலகம் ஆடிப்போனது. பேராசிரியர் அம்மா மட்டும் ஆடவில்லை. நீதிபதியும் திட்டத்துக்குள் இருப்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பெரிய மனிதர்கள் ஏறுகிற வண்டியை யாரும் ஓட்டை உடைசலாக விடமாட்டார்கள், நாளைக்கு இந்தத் திட்டத்தை நிறுத்தப் பார்த்தால் முதல் குரல் நீதிபதியிடமிருந்துதான் வரும், அந்தக் குரலைத்தான் அரசு கேட்கும், ஆகவே பேருந்து ஓட்டுநரைக் காப்பாற்றப் போவது நீதிபதிதான் என்றார். எல்லோருக்கும் பொதுவாகக் கொடு என்கிற கோட்பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று எனக்கு விளக்கினார்.

நீதிபதியைப் போய்ப் பார்த்தார். ஆதரவாக ஒரு கடிதம் எழுதித் தருவதாக அவரும் சொன்னார். கமிட்டி கூடிய அன்று காலைவரை காத்திருந்தோம். கடிதம் வரவில்லை. படம் வெளிவந்த வாரமே அவர் சொந்தமாக ஓர் ஆளை அமர்த்திக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெட்கம். அவ்வளவுதான். கோட்பாட்டில் எல்லாம் இருந்தது, ஒரு பெரிய மனிதனுக்கு வெட்கம் வரும் என்பது மட்டும் இல்லை.

பதினான்காவது மாதம் கமிட்டி முடிவு சொன்னது. மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், ஆனால் மகிழ்ச்சி ஆதாரமாகாது. ஒப்பிட எடுத்துக்கொண்ட பக்கத்துத் தெரு சரியான ஒப்பீடு இல்லை. தேவையில்லாதவர்களுக்கும் உதவி போயிருக்கிறது. எனவே திங்கட்கிழமை முதல் நிறுத்தம். இந்த நான்கு வாக்கியத்துக்கு இரண்டு மணி நேரக் கூட்டம்.

தபாலில் தெரிவிப்பதாக இருந்தது. பேராசிரியர் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கண் தெரியாதவருக்குத் தபாலா என்றார். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாள் நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போனோம். ஐம்பத்தெட்டு வீட்டுக் கதவையும் அவர் தன் கையால் தட்டினார். இடையில் இறந்துபோன ஐந்து பேரின் வீடுகளையும் விடவில்லை. நீதிபதி வீட்டையும் விடவில்லை. ஐயா ஓய்வெடுக்கிறார் என்று அங்கே சொன்னார்கள்.

கோபப்பட்டவர்கள் மிகக் குறைவு. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்போம். ஓர் அம்மாவுக்கு, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகப் பயம். "நான் அந்தப் பொண்ணுகிட்ட ஒருநாளும் முகம் சுளிச்சதில்லையே. வேணும்னா அதையே கேட்டுப் பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் தவறில்லை அம்மா என்று நாங்களும் திரும்பத் திரும்பச் சொன்னோம். அவர் நம்பவில்லை. தவறே செய்யாமல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார்களா என்ன?

சனிக்கிழமை மதியம் பேருந்து ஓட்டுநர் வீட்டுக்கு வந்தோம். கேட் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். பேராசிரியர் அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமையிலேருந்தா?"

"ஆமாங்க."

"எட்டு வருஷம் அந்தக் கட்டில்ல கிடந்தேம்மா. பழகிப்போயிருந்துச்சு. இப்ப மறுபடியும் மொதல்லேருந்து பழகணும்." நாற்காலியின் கையைத் தடவினார். "நீங்க வராமலே இருந்திருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோலத்தான் சொன்னார். பேராசிரியர் அம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இரும்பு சுட்டிருக்கும், கையை எடுக்கவில்லை. பிறகு அடுத்த வீட்டுக்குப் போனோம். அதற்குப் பிறகும் பதினேழு வீடு பாக்கி இருந்தது, பதினேழையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

பேராசிரியப் பெருமக்களே, கடைசி ஒன்பது வருடம் அவர் ஏன் ஒரு நூலும் எழுதவில்லை என்று உங்களில் ஒருவர் சற்றுமுன் வருத்தப்பட்டீர்கள். ஏன் எழுதவில்லை? நானும் ஒருமுறை கேட்டேன். "அந்த ஆள் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு எனக்குப் பதில் தெரியலை. தெரிஞ்சா எழுதறேன்" என்றார். கொடுத்துவிட்டு எடுப்பதைவிடக் கொடுக்காமலே இருப்பது நல்லதா? எந்தக் கோட்பாடு இதற்குப் பதில் வைத்திருக்கிறது? இருந்தால் தயவுசெய்து யாராவது எனக்குச் சொல்லுங்கள், அவருக்குச் சொல்லத்தான் முடியாமல் போய்விட்டது.

இப்போது அவர் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்ட ஒன்றைச் சொல்லப்போகிறேன். எனக்கு முன் பேசிய இயக்குநர் ஐயா, அம்மாவைத் தொண்டுள்ளம் படைத்தவர் என்று புகழ்ந்தார். ஐயாவுக்கு யாரோ ஏதோ சொல்லியிருக்கவேண்டும். அதனால் என் வாயைத் திறக்கவேண்டியிருக்கிறது.

திட்டம் நின்ற இரண்டாவது வாரம், பேருந்து ஓட்டுநர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனேன். உள்ளே பேராசிரியர் அம்மா இருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் அவர் காலை வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி ஆவியில் மங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலக் கூசிப்போனார். வெளியே வந்து, யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்.

"சொன்னா பாராட்டுவாங்க. பாராட்டிட்டு, பாத்தீங்களா, அரசாங்கம் இல்லாமலே நடக்குதுன்னு சொல்லுவாங்க."

"அப்புறம் ஏன் மேடம் செய்யறீங்க?"

"அவருக்கு நகம் வளருதே."

அவரால் நான்கு வீடுதான் முடிந்தது. அறுபது வயதை நெருங்கும் ஒரு பெண் ஐம்பத்தெட்டு வீட்டில் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? எந்த நான்கு என்று தேர்ந்தெடுக்கவேண்டி வந்தது. மனசுக்குள் ஒவ்வொருவராக எடைபோட்டு, இவருக்கு மகள் வருவாள், இவரால் எழுந்து நடக்க முடியும் என்று கழித்துக் கழித்து நான்கு பேரை எடுத்தார். "மறுபடியும் மார்க் போட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதை யாரும் பார்க்காமல் இருந்ததே நல்லது.

இயக்குநர் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். அதைத் தொண்டு என்று சொல்லாதீர்கள். அது உங்கள் துறையின் வேலை. என் வேலையும்கூட. நாம் போட்டுவிட்டு வந்ததை ஒரு பெண் குனிந்து எடுத்தார். எடுத்ததற்காக அவரைப் புகழ்ந்தால், போட்டதை யார் கேட்பார்கள்?

பேருந்து ஓட்டுநர் அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். அவரிடம் அந்த வாக்கியத்தை அம்மா ஒருநாளும் எடுத்ததில்லை, அவரும் எடுத்ததில்லை. அடுத்து இன்னொருவர் போனார். நான்கு வீடு இரண்டாயிற்று.

இந்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பதினோரு வாரம். நான் தினமும் போனேன். ஒருநாள் சாயங்காலம் அவர் கொஞ்சம் தெளிவாக இருந்தார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார்.

"நான் சொன்னது தப்பா, இல்லை அவங்க குடுத்த நேரம் பத்தலையா? அது தெரியாமலே போறேன்" என்றார்.

நேரம்தான் மேடம் பற்றவில்லை என்று அவசரமாகச் சொன்னேன். ஆசிரியருக்குப் பிடித்த பதிலைச் சொல்கிற மாணவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "ஆதாரம்?" என்று கேட்டார்.

என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் தலையணையைத் தாழ்த்தி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. பொய்யாகவாவது இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருக்கலாமோ என்று, அவர் இறந்த இந்தப் பன்னிரண்டு நாளாக நினைக்கிறேன். சொல்லியிருந்தாலும் அவர் ஏற்றிருக்க மாட்டார்.

இப்போது ஃபாரத்தில் நாற்பத்தாறு கேள்விகள். இனிமேல் கம்ப்யூட்டரில் அவர்களே நிரப்பிக்கொள்ளவேண்டும். கள அலுவலர் என்ற பதவியையே எடுத்துவிட்டார்கள். கதவைத் தட்டுவதற்கு இனி ஆள் கிடையாது. அம்மாவின் வாழ்க்கையால் என்ன மாறியது என்று என்னைக் கேட்டால், இல்லாத ஒன்றை நான் சொல்ல முடியாது. இஸ்திரிக்கார அம்மா இன்றைக்கு விண்ணப்பித்தாலும் நாற்பது வராது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் ஓர் உறுதிமொழி வேண்டும். அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று சொல்லவேண்டும். எந்தப் பணியை? அவரே தவறென்று சொன்ன ஃபாரத்தையா? அவர் கண்முன்னே மூடப்பட்ட திட்டத்தையா? அவர் வெட்கப்பட்டுச் செய்த நான்கு வீட்டையா? எதைத் தொடர்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல இந்த மேடையில் நின்று கையை உயர்த்த எனக்கு மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த இரண்டு வீட்டில் ஒன்றில் தையல்காரம்மா ஒருவர் இருக்கிறார். தோள்பட்டை இறுகிப்போய் இரண்டு கையும் மேலே தூக்க வராது. இன்னொன்றில் ஓர் அண்ணனும் தங்கையும், இருவருக்கும் எண்பதுக்கு மேல். அம்மா படுத்ததிலிருந்து அங்கே நான்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஓர் ஆண்பிள்ளை செய்யக்கூடாததற்கு அம்மாவின் தங்கை வருகிறார். மேடம் எப்போது வருவார் என்று தையல்காரம்மா தினமும் கேட்கிறார். உடம்பு சரியில்லை, வந்துவிடுவார் என்று சொல்லிவைத்திருக்கிறோம். பன்னிரண்டு நாளாக அதையே சொல்கிறோம். அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

எனக்கு அறுபத்தொரு வயது. முழங்கால் மடக்க வரவில்லை. எத்தனை நாள் போவேன் என்று சொல்ல முடியாது. இந்த வாரம் போவேன், அடுத்த வாரமும் போவேன். அதற்கு மேல் உறுதி தர என்னிடம் ஒன்றும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் இங்கிருந்து நேராக அங்கேதான் போகிறேன். இயக்குநர் ஐயா, நடந்து போகிற தூரம்தான். நீங்களும் வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும், தையல்காரம்மாவுக்கு இன்று தலை வாரிப் பின்னிவிடும் நாள். அவர் கேட்பார். இன்று சொல்லிவிடவேண்டும்.

எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.